கொப்பியில் விட்ட இடம்

பிள்ளைகளே, போன கிழமை றங்குப்பெட்டியைக் கிளறிய நீங்கள் நீல மட்டைக் கொப்பியொன்றை எடுத்து வந்தீர்கள். உங்கள் மாமி பல்கலைக்கழகத்தில் சங்கீதம் படித்த காலத்துக் கொப்பி. சுர எழுத்துகளுக்கு நடுவே "ஐயா, சின்னையா, அண்ணை" என்று மையால் எழுதியிருந்ததைக் கண்டு, "உந்த அண்ணை ஆர் அப்பா?" என்று கேட்டுச் சிரித்தீர்கள். அது நான்தான். ஐயா உங்கள் அப்பப்பா, சின்னையா அவருடைய தம்பி. அன்றைக்கு எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. எழுதியாவது வைக்கிறேன்.

எங்கள் வீட்டில் நான் ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவன். என் தங்கச்சி, அதாவது உங்கள் மாமி, வல்வெட்டித்துறையிலிருந்து விடிய பஸ் ஏறி யாழ்ப்பாணத்துக்குப் படிக்கப் போனாள். கடைசி வருடத்தில் ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு பாட்டை இயற்றி, மெட்டமைத்து, சோதனையில் பாட வேண்டும். அதில் முதலாம் வகுப்பு எடுத்தால் அங்கேயே படிப்பிக்கும் வேலை கிடைக்கும். அவளுடைய ஆசையெல்லாம் அந்த வேலைதான். ஆனால் அவள் எழுதிக்கொண்டு போன பாட்டுகளைப் பார்த்த விரிவுரையாளர், "இது நீர் பாடமாக்கின பாட்டுகளின்ரை நிழல். உம்முடையது எங்கை?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

சோறும் தின்னாமல் இரண்டு நாள் கிடந்தாள். மூன்றாம் நாள் காலை நாங்கள் கரைவலை இழுக்கும் இடத்துக்கு வந்து, படகு நிழலில் குந்தினாள். வலை இழுக்கும்போது ஒருவர் பாட்டெடுப்பார், மற்றவர்கள் "ஏலேலோ" என்று மறுமொழி சொல்லிக்கொண்டே கயிற்றை இழுப்போம். வேலை முடிந்ததும் என்னிடம் வந்தாள்.

"அண்ணை, மறுமொழி எவ்வளவு நேரம்? எத்தினை எண்ணிக்கை?"

"எண்ணிக்கையோ? கயிறு வாற அளவு, பிள்ளை."

அதற்குப் பிறகு அவள் இயற்றிய பாட்டில் ஒவ்வொரு அடிக்குப் பின்னும் ஓர் இடம் சும்மா கிடந்தது. வீட்டில் அவள் பாடிப் பழகும்போது அந்த இடத்தில் ஐயாவும் சின்னையாவும் நானும் எங்கள்பாட்டுக்கு "ஏலேலோ" போடுவோம். அவள் மறிக்கவில்லை. சோதனையில் அது மௌனமாகத்தான் இருக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. கொப்பியிலும் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டிருந்தாள். "ஏலேலோ" என்று எழுதினால் பல்கலைக்கழகத்தில் சிரிப்பார்கள் என்ற பயம் என்று பிறகு சொன்னாள்.

சோதனை நாளில் வீட்டாரும் வந்து கேட்கலாம் என்றார்கள். நீலம் போட்டு வெளுத்த வேட்டியோடு நாங்கள் மூவரும் மண்டபத்தின் கடைசி வாங்குப் பலகையில் போய் உட்கார்ந்தோம். சுருதிப்பெட்டி ஒலித்தது. தங்கச்சி முதல் அடியைப் பாடி நிறுத்தினாள். அந்த இடம் வந்ததுதான் தாமதம், எங்கள் மூன்று தொண்டையும் தானாகத் திறந்துவிட்டன. "ஏலேலோ!" அதோடு நின்றாலும் பரவாயில்லை. என் கை முன்வாங்கைப் பிடித்து ஒரே இழுவை. அதிலிருந்த ஓர் அம்மா "ஐயோ!" என்று கத்த, வாங்கு ஒரு சாண் பின்னுக்கு வந்தது. "கரைவலை வந்திட்டுதடா!" என்று ஒரு மாணவன் சொன்னான். மண்டபமே சிரித்தது.

வெளியிலிருந்து வந்த சோதனையாளர் மேசையில் தட்டினார். "ஆர் அவை? வெளியாலை அனுப்புங்கோ. பிள்ளை, நீர் முதலிலை இருந்து பாடலாம்."

நாங்கள் எழும்பிவிட்டோம். ஐயாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"சேர், அவையளும் பாட்டுக்குள்ளைதான்," என்றாள் தங்கச்சி.

"கொப்பியிலை இல்லையே?"

"எழுதாமல் விட்டது என்ரை பிழை, சேர்."

"எழுதினதுக்குத்தான் புள்ளி. யோசிச்சுச் சொல்லும்."

"ஓம் சேர். தெரியும்."

மறுபடி பாடினாள். அந்த இடம் வந்தது. நாங்கள் பயத்தில் வாய் திறக்கவில்லை. அவள் எங்களைப் பார்த்தபடி நின்றாள். மிருதங்கக்காரரின் கை அந்தரத்தில் நின்றது. முதலில் ஐயாதான், இருமலைப் போன்ற குரலில், "ஏலேலோ" என்றார். பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்தோம். கடைசி அடி வரை ஒருவரும் சிரிக்கவில்லை.

முதலாம் வகுப்பு வரவில்லை. அந்த வேலையும் வரவில்லை. உடுப்பிட்டியில் பள்ளிக்கூட ஆசிரியையாகப் போனாள். முடிவு வந்த அன்று ஐயா, "எங்களாலைதான் பிள்ளை..." என்று தொடங்கினார். அவளுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. "சின்னையாவுக்குத்தான், ஐயா, சுருதி சேரேல்லை," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்றைக்குத்தான் கொப்பியை எடுத்து, வெறுமையாக விட்ட இடத்தில் எங்கள் மூவரையும் எழுதினாள்.

ஐயாவும் சின்னையாவும் இப்போது இல்லை. மாமி வரும் நாட்களில் அந்தப் பாட்டைப் பாடி, அந்த இடத்தில் நிறுத்துவாள். நான் ஒருவன் மட்டும் மறுமொழி சொல்ல, நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பீர்கள். என் குரலும் முன்னைப்போல் இல்லை. அடுத்த முறை நீங்களும் சேருங்கள். எவ்வளவு நேரம் என்று கேட்க வேண்டாம், கயிறு வரும் அளவுக்குச் சொன்னால் போதும்.