டெய்லரின் மீசை போன காலை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் எனக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டது. ஒரு ஸ்டூலும் ஒரு கத்தரிக்கோலுமாகத் தொழிலில் இறங்கிய நான், இன்று மூன்று சுழல் நாற்காலி, ஏசி என்று சலூன் நடத்துகிறேன். நாற்காலியில் உட்காருகிறவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி எங்கே வைக்கிறார் என்று பார்த்தாலே போதும், பார்வை எவ்வளவு மோசம் என்று சொல்லிவிடுவேன்.

வாடிக்கையாக வரும் பஸ் கண்டக்டருக்குக் கண்ணாடியில் லேசான பவர்தான். சீப்புக்கும் பவுடர் டப்பாவுக்கும் நடுவில் அதை விட்டெறிவார். ஒரு தடவை நாற்காலியில் போட்டுவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்து, "ஏதோ குத்துதே" என்றார்.

நம் டெய்லர் அப்படியில்லை. சோடாப்புட்டி. அது இல்லாவிட்டால் அவருக்கு நானும் கொடியில் தொங்கும் துண்டும் ஒன்றுதான். கழற்றியதும் கோழிக்குஞ்சு மாதிரி இரு கையிலும் பொத்தி, நான் போர்த்திவிடும் போர்வைக்குள் வைத்துக்கொள்வார். முகத்தில் ஈ உட்கார்ந்தால் ஊதித்தான் விரட்டுவார். துடைப்பதற்கென்றே சட்டைப்பையில் ஒரு பட்டுத் துண்டு. யார் கொடுத்த துணியில் மிஞ்சியதோ, நமக்கெதற்கு.

மகள் கல்யாணத்தன்று காலையில் வந்தார்.

"அண்ணே, மீசை பத்திரம். கோணலா இருந்துச்சுன்னா வீட்டுக்காரி மண்டபத்துக்குள்ளயே விடமாட்டா."

"என் கைக்குக் கோணல்னா என்னன்னே தெரியாது" என்றேன். உண்மைதான்.

கத்தியை மீசை ஓரத்தில் வைத்தேன். எங்கிருந்தோ ஒரு முடி அவர் மூக்கில் ஏறியது. வேறு யாராக இருந்தாலும் கையால் மூக்கைப் பிடித்திருப்பார்கள். இவர் கைதான் போர்வைக்குள் குஞ்சு காக்கிறதே. தும்மினார். என் கை பாறைபோல நின்றது, முகம்தான் நகர்ந்தது. பாதி மீசை போர்வையில் கிடந்தது.

பக்கத்து நாற்காலியில் கண்டக்டரின் தோள் குலுங்கியது, பிறகு நாற்காலியே குலுங்கியது.

"என்னண்ணே, கண்டக்டர் அழுவுறாரா?"

"உங்க பொண்ணு புருஷன் வீட்டுக்குப் போறாளேன்னு உருகுறார்."

"முடிஞ்சுதா? கண்ணாடிய மாட்டிக்கவா?"

"லென்ஸ் பூரா முடி. நல்லாத் துடைங்க. தலைய மட்டும் ஆட்டாதீங்க."

அது போதும். பட்டுத் துண்டு வெளியே வந்தது. முன்பக்கம், பின்பக்கம், காதில் மாட்டும் கம்பி என்று தடவித் தடவித் துடைத்தார். அதற்குள் மீதிப் பாதியையும் வழித்து முடித்தேன்.

மாட்டினார். நிலைக்கண்ணாடியைப் பார்த்தார். பின்னால் வேறு யாராவது நிற்கிறாரா என்று திரும்பியும் பார்த்தார்.

"மாப்பிள்ளைக்கு அண்ணன் மாதிரி இருக்கீங்க" என்றேன்.

"செத்தேன்" என்றார்.

நான் ஓடி ஒளிகிற ஆள் இல்லை. கண்டக்டரையும் இழுத்துக்கொண்டு கூடவே போனேன். மண்டப வாசலில் டெய்லரின் வீட்டுக்காரம்மா கைகூப்பி, "வாங்க, நீங்க மாப்பிள்ளைக்கு என்ன உறவு?" என்றார். டெய்லருக்கு வியர்த்துக் கொட்டி, லென்ஸில் ஆவி படிந்தது. அந்த நிலைமையிலும் கழற்றி, கையில் பொத்தி, பட்டுத் துண்டை எடுத்தார்.

அந்த அம்மா துண்டைப் பார்த்தார், கையைப் பார்த்தார். "அட, நம்ம மனுஷன்." கிட்டே வந்து உற்றுப் பார்த்தார். டெய்லர் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். "இந்தச் சிரிப்ப இத்தனை வருஷமா எந்தப் புதருக்குள்ள வச்சிருந்தீங்க?"

டெய்லர் கண்ணாடியை அவசரமாக மாட்டினார். அந்த அம்மா சிரிப்பதைப் பார்க்க வேண்டுமே.

இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் மழிக்க வருகிறார். கண்ணாடி இன்னும் போர்வைக்குள்தான். கண்டக்டரும் தன் மீசையை எடுத்துவிடச் சொல்கிறார். எடுத்த முகத்தைப் பார்க்க அவருக்கு மூக்குக்கண்ணாடி வேண்டுமாம். அதைத்தான் கடை முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறோம்.