ஓடைக்கு இக்கரையில் ஒரு புள்ளிக்கோடு

மதுரை ரயில் போடிநாயக்கனூருக்கு வந்து சேரும்போது மணி பத்தரை. மே மாத வெயில் நிலைய வாசலிலேயே பிடித்துக்கொண்டது. என் பையில் தண்ணீர் பாட்டில், தொப்பி, பழைய நில அளவை வரைபடம் ஒன்றின் நகல். மைலுக்கு ஓர் அங்குலம், உயரமெல்லாம் அடிக்கணக்கில். நான் பள்ளியில் புவியியல் நடத்துகிறவள். விடுமுறையில் மற்றவர்கள் கொடைக்கானல் போகிறார்கள். நான் வரைபடத்தில் இருக்கும் பாதை தரையில் இருக்கிறதா என்று பார்க்கப் போகிறேன். இதற்கு என் வீட்டில் வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.

இந்த முறை தேடியது, ராசிங்காபுரத்துக்கு மேற்கே ஓர் ஓடையை ஒட்டி ஏலமலைச் சரிவுக்கு ஏறும் நடைபாதை. வரைபடத்தில் புள்ளிக்கோடாகப் போட்டிருந்தது. ஆட்டோக்காரர் காஜா முந்நூறு ரூபாய் கேட்டு, இருநூற்றைம்பதுக்கு இறங்கினார். ஒன்பது கிலோமீட்டர் என்பது அவர் கணக்கு.

"ஜீப்புல ஏறுனா வெரசா மலைக்குப் போயிரலாம். இல்லாத பாதைக்கு எதுக்கு டீச்சர் மேப்பு?" என்று வழிநெடுகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

பதினொன்றே கால். தார்ச்சாலை முடிந்த இடத்தில், காஜாவுக்குத் தெரிந்த பாண்டியம்மாள் மாங்காய்க் கூடையைச் சுமந்து வந்துகொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். அவருடைய மாந்தோப்பு சற்று மேலே, மலையடியில் இருக்கிறது. இடையில் நிலம் வைத்திருக்கும் செல்லத்துரை கம்பி வேலி போட்டுவிட்டதால் தோப்புக்கு வண்டி போவதில்லை. ஒவ்வொரு கூடையும் தலைச்சுமையாகத்தான் வர வேண்டும்.

வரைபடம் என்றதும் கூடையை இறக்கினார். "செல்லத்துரையோட அப்பா காலத்துல வண்டி போச்சு. அவன் நெலத்துல பாதை இருந்ததுன்னு இதுல போட்டிருக்கா? பாத்துச் சொல்லுங்க டீச்சர், நாலு பேர வச்சுக் கேக்கணும்."

இது வெறும் பழைய படம், பட்டாவும் கிராமக் கணக்கும்தான் செல்லும் என்றேன். பரவாயில்லை என்றார். மண்ணில் விரித்து, நாலு மூலைக்கும் மாங்காய் வைத்தோம். ஓடை, அதன் வளைவு, வளைவில் சிறு கோயில் எல்லாம் இன்றும் அதே இடத்தில். பாதை மட்டும் செல்லத்துரை நிலத்தைத் தொடவே இல்லை. ஓடைக்கு இக்கரையிலேயே வந்து, பாண்டியம்மாள் தோப்பின் நடுவே புகுந்து மலை ஏறுகிறது. மூன்று தடவை அளந்து பார்த்தேன். சொல்ல மனமே வரவில்லை, ஆனாலும் சொன்னேன்.

"மேப்பு தப்பு," என்றார்.

தோப்புக்குள் போய்ப் பார்த்தோம். மோட்டார் ரூமுக்குப் பின்னால் சருகைத் தள்ளியதும், ஓர் ஆள் அகலத்துக்கு வரிசையாகப் பதித்த கற்கள். மேல் வேலியில் பூட்டிக் கிடந்த இரும்பு கேட் வரை போயின. எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். அதை மறைக்கப் பெரும்பாடு பட்டேன்.

ஒரு மணி. சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று பாண்டியம்மாள் உட்கார வைத்தார். சோறு, கருவாட்டுக் குழம்பு. பாதியில் அவரே ஆரம்பித்தார்.

"மேல இலவந்தோப்புக் காவலுக்குக் காளியப்பன்னு ஒருத்தன் குடும்பத்தோட இருக்கான். இந்த வழியா விடச் சொல்லி ரெண்டு வருசமாக் கேக்குறான். பாதையே இல்லன்னுட்டேன். போன மாசம் அவன் சம்சாரத்துக்கு வலி வந்துச்சு. கேட்டு வாசல்ல நின்னு கத்துனான். தொறக்கல. கட்டில்ல வச்சு, ஓடைக்குள்ள எறக்கி, சுத்தித் தூக்கிட்டுப் போனாங்க."

தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டேன். "குழந்தை?"

"நல்லாத்தான் இருக்கு," என்றார் தட்டைப் பார்த்தபடி.

கை கழுவி வந்து, இடுப்பிலிருந்த சாவியை என்னிடம் நீட்டினார். "நீங்க மேல போறவுகதான? இத அவுககிட்டக் குடுத்துருங்க. அவுக மூஞ்சில என்னால முழிக்க முடியாது. கீழ பாதை போற ஓடைக்கரை பூராம் முள்ளு. நாளைக்கு அருவாளோட வரச் சொல்லுங்க, சேந்து வெட்டுவோம்."

இரண்டு மணிக்குக் கேட்டைத் திறந்துகொண்டு ஏறினேன். வரைபடப்படி அரை மைல்; எனக்கு நாற்பது நிமிடம் ஆனது. காளியப்பன் இலவந்தோப்பின் மேல்பக்கம் காவலுக்குப் போயிருந்தார். அவர் மனைவி கைக்குழந்தையோடு குடிசையிலிருந்து வெளியே வந்தார். நான் யார் என்று சொல்லி, பாண்டியம்மாள் சொன்னதையும் சொல்லி, சாவியை நீட்டினேன்.

அவர் கை நீளவில்லை. குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"அந்தக் கேட்டு வாசல்லதான் டீச்சர் நானும் கெடந்தேன். அன்னிக்குக் குடுத்திருக்கலாம்ல," என்றார். அதற்குப் பிறகுதான் வாங்கிக்கொண்டார்.