பெரியவங்க பேசிட்டிருக்கோம்

என் அக்கா வீட்டுக்காரர் இதுவரை அறுபது பேரையாவது கொன்றிருப்பார். எல்லாம் டிவியில்தான். வியாழக்கிழமைதோறும் வரும் துப்பறியும் தொடருக்கு அவர்தான் கதை, வசனம். வீட்டில் கரப்பான்பூச்சி வந்தால் மட்டும், பழைய வசனத்தாளில் அதை ஏற்றி மாடிப்படி வரை வழியனுப்பிவிட்டு வருவார்.

அவர் கதைகளில் யாரும் பணத்துக்காகக் கொல்வதில்லை. "ஒருத்தன நாலு பேர் முன்னாடி மட்டம் தட்டணும். அந்த ஒரு வரி சரியா அமைஞ்சுட்டா கொலை தானா நடக்கும்" என்பார். அந்த வரிக்காக மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொள்வார்.

அக்கா நர்ஸ். வியாழன் மாலை எப்போதும் டியூட்டி என்பதால் தொடரைப் பார்த்ததே இல்லை. போன வாரம் காய்ச்சலில் லீவு போட்டுவிட்டு, போர்வையும் கையுமாக எனக்கும் மாமாவுக்கும் நடுவில் சோபாவில் உட்கார்ந்தாள். மாமா இரண்டு முறை சேனலை மாற்றப் பார்த்தார். ஏனென்று எனக்கு அப்போது புரியவில்லை.

திரையில் வீடு நிறைய விருந்தாளிகள். கணவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "நீங்க சும்மா இருங்க. பெரியவங்க பேசிட்டிருக்கோம்" என்றாள் மனைவி. எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தபடியே சமையலறைக்குப் போனான். திரும்பி வரும்போது கையில் சுத்தியல் இருந்தது.

அக்கா விறைத்துப்போனாள். அது அவள் வரி. இரண்டு வருஷத்துக்கு முன் அண்ணன் தன் வீட்டு பிளானைக் கொண்டுவந்து காட்டிய அன்று, இதே சோபாவில் உட்கார்ந்து மாமாவிடம் எழுத்து மாறாமல் சொன்னது. குடும்பமே சிரித்தது. அதிகம் சிரித்தவள் நான்தான். மாமாவும் சிரித்துக்கொண்டே சமையலறைக்குப் போனார்.

"அன்னிக்கு உள்ள போனீங்களே, என்ன பண்ணீங்க?" அக்கா மாமா பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"டீ போட்டேன்."

"அப்புறம்?"

மாமா தலையைச் சொறிந்தார். "உன் டீயில மட்டும் சர்க்கரை போடல. என்னால அவ்வளவுதான் முடிஞ்சுது."

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "மறந்துட்டீங்கன்னு நெனச்சுல்ல குடிச்சேன்! இத்தன நாளா மனசுல வெச்சிருந்தீங்களா?"

"டைரக்டருக்கு வேற எந்த வரியும் பிடிக்கல. நீ பாக்கமாட்டேன்னு நெனச்சு குடுத்துட்டேன்."

"அன்னிக்கு என்ன சொல்ல வந்தீங்க?"

"பாத்ரூம் கதவ வெளிப்பக்கமா திறக்கற மாதிரி வைக்கச் சொல்லலாம்னு. உள்பக்கம் திறந்தா வாஷ்பேசின்ல இடிக்கும்."

அண்ணன் வீட்டு பாத்ரூமுக்குள் இன்றுவரை ஒருக்களித்துத்தான் நுழைகிறோம். எனக்குச் சிரிப்பு முட்டியது. அக்கா சிரிக்கவில்லை. போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டாள். அண்ணியையும் பக்கத்தில் வரச் சொன்னாள்.

"அண்ணா, அன்னிக்கு உங்க எல்லார் முன்னாடியும் நான் இவரை மட்டம் தட்டினேன். தப்பு. இவர் சொல்ல வந்தத கேட்டிருந்தா உங்க கதவு இடிச்சிருக்காது."

மாமா காதில் விழாதவர்போல் எழுந்து டீ போடப் போனார். போகிற போக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாவமாக இருந்தது.

மூன்று டம்ளர்கள் வந்தன. அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னங்க, இவ்வளவு தித்திப்பு?" என்றாள்.

என் டீயில் சர்க்கரையே இல்லை. வாயைத் திறக்காமல் குடித்து முடித்தேன்.