அம்மா முகம் திருப்பிய படம்

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, படம் எடுப்பவர் என்று சொன்னால் பருத்திப்பட்டில் எல்லோரும் முதலில் கேட்பது, ஹீரோ யார் என்பதைத்தான். ஹீரோ எங்கள் வீட்டு மிக்சி. சில படங்களில் மொட்டைமாடிக் கொடியில் காயும் அப்பாவின் கம்பெனிச் சட்டை. வீட்டில் நடப்பதையெல்லாம் கேமராவில் பிடித்து, வெட்டி ஒட்டி, கலை என்பார் மாமா. சல்லிக்காசு பெயராத கலை என்பார் அப்பா.

கேமராவைக் கண்டாலே அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "இன்னாடா இது, அந்தாண்ட போ" என்று முந்தானையைக் கன்னத்துக்கு இழுத்துக்கொள்வாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு மாமா எங்கிருந்தோ புரொஜெக்டர் ஒன்றை இரவல் வாங்கி வந்தார். பிரியாணி தம்மில் இருந்த நேரம். பெரியப்பா, அத்தை குடும்பமெல்லாம் ஹாலில் உட்கார்ந்திருக்க, ஜன்னல்களைச் சாத்தியதும் சுவரில் படம் ஓடியது. பாட்டில்லை, வசனமில்லை. அடுப்படியில், மாடியில், சர்ச் வாசலில், ஆவடி பஸ் ஸ்டாண்டில் அம்மா முகத்தைத் திருப்புகிறாள். திரும்பத் திரும்ப அதேதான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

கடைசியில், கேமரா ஓடுவது தெரியாமல் அம்மா டீ குடித்துக்கொண்டிருந்தாள். சுவர் முழுக்க அவள் முகம். இடது கண்ணுக்குக் கீழே வீங்கிக் கறுத்திருந்தது. மாமா படத்தை அங்கேயே நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தார். பெரியப்பாவும் அத்தையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவம், இவர்களுக்கு விஷயம் தெரியாது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"அது பீரோ கதவு இட்ச்சிட்ச்சி! அம்மாதான் சொல்லிச்சி!" என்று கத்தினேன்.

அப்பா சிரித்தார். "பாப்பாவே சொல்ட்ச்சி பாரு மச்சான். ஜன்னலத் தொற, சாப்ட்லாம்."

அம்மா எழுந்து தம்பியிடம் வந்தாள். "இனிமே கேமராவத் தூக்கினு இந்த ஊட்டாண்ட வராத" என்றாள். மாமா ஒயரைச் சுருட்டிக்கொண்டு சாப்பிடாமலே போனார். அப்புறம் வரவேயில்லை. ஒழுங்காகப் படம் எடுக்கத் தெரியாததால்தான் துரத்திவிட்டார்கள் என்று நம்பினேன்.

பெரியப்பா என்னை மடியில் உட்காரவைத்து, கெட்டிக்காரி என்று சொல்லித் தன் தட்டிலிருந்து ஒரு கறித்துண்டை எடுத்து ஊட்டினார். பெருமையாக மென்றேன். அம்மா முகத்து வீக்கம் அப்பாவின் கைவேலை என்று என்னைத் தவிர அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவர்கள் கேட்டே ஆகவேண்டியிருந்த கேள்வியிலிருந்து அத்தனை பேரையும் நான் காப்பாற்றிவிட்டேன் என்பது எனக்கு எங்கே தெரியும்?