ஐம்பது மீட்டருக்கு ஒரு துப்பாக்கி

மூன்று கொட்டேஷன் வாங்காமல் எங்கள் வீட்டில் ஒரு மிக்ஸிகூட வாங்கியதில்லை. மத்திய அரசு நிறுவனம் ஒன்றின் கொள்முதல் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். ஏதோ ஒரு துறையிலிருந்து இன்ன பொருள் வேண்டும் என்று காகிதம் வரும். மூன்று பேரிடம் விலை கேட்போம், ஒப்பீட்டுப் பட்டியல் போடுவோம். கேட்ட தகுதிகள் எல்லாம் உள்ளவர்களில் யார் விலை குறைவோ அவர் எல்-ஒன். ஆர்டர் அவருக்கு. இந்தப் பழக்கம் என்னோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் நாங்கள் குடியிருக்கும் இந்த ஃபிளாட், எல்லாமே எல்-ஒன்தான். "நல்லவேளை, மாப்பிள்ளை பாக்கறப்ப உனக்கு இந்த வேலை கிடைக்கல. நான் எல்-த்ரீயாப் போயிருப்பேன்" என்று என் கணவர் கேலி செய்வார்.

மகளின் கல்லூரியையும் அப்படித்தான் முடிவு செய்தேன். பத்தாவது முடித்தவர்கள் இரண்டு வருடம் விடுதியில் தங்கி நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் கல்லூரிகள் எங்கள் பக்கத்தில் தெருவுக்குத் தெரு உண்டு. நான்கை எடுத்துக்கொண்டு பட்டியல் போட்டேன். தூரம், கட்டணம், தேர்ச்சி, சாப்பாடு, ஓர் அறைக்கு எத்தனை பேர். ஜெயித்த கல்லூரியில் சேர்த்தோம்.

இரண்டாம் வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வாரத்துக்கு ஒரு முறை அனுமதிக்கிற அந்தப் பத்து நிமிட போனில், "அம்மா, காலைல எந்திரிக்காமலே போயிட்டா நல்லாருக்கும்னு தோணுதும்மா" என்றாள். அழவில்லை. அன்றைக்கு மெஸ்ஸில் என்ன குழம்பு என்று சொல்கிற குரலிலேயே சொன்னாள். நாற்பது நிமிடத்தில் விடுதி வாசலில் நின்றோம். "ப்ரெஷர்தான் மேடம், எல்லாருக்கும் இருக்கும்" என்றார் வார்டன். பெட்டியைக் கட்டச் சொல்லிக் கையோடு அழைத்து வந்துவிட்டோம்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. மனநல மருத்துவர், மாத்திரை, வாரம் ஒரு முறை பேச்சு என்று அவள் மெல்லத் தேறினாள். வீட்டிலிருந்தே இறுதித் தேர்வை எழுதிவிட்டு, பக்கத்திலேயே ஒரு டிகிரி கல்லூரியில் சேர்ந்தாள். நான்தான் தேறவில்லை. அவள் அறைத் தாழ்ப்பாளை நானே ஸ்குரூ டிரைவர் எடுத்துக் கழற்றினேன். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றால் வெளியிலிருந்து, "சோப்பு இருக்காடி?" என்பேன்.

"இருக்கும்மா. நேத்தும் இருந்துச்சு. லைட் தீஸ்கோ" என்று பதில் வரும். இந்த ஊர்ப் பிள்ளைகள் எதையும் பெரிதுபடுத்தாதே என்பதை அப்படித்தான் சொல்லும்.

ஜீடிமெட்லாவில் என் கணவர் வேலை செய்கிற மருந்துக் கம்பெனியில் அவருடைய சகா ஒருவர் ஏர் ரைஃபிள் சுடுகிறவர். ஊருக்கு வெளியே மூடிக் கிடந்த கோழிப்பண்ணை ஒன்றை நாலைந்து பேர் குத்தகைக்கு எடுத்து கிளப் நடத்துகிறார்கள். ஒரு ஞாயிறு சும்மா வாருங்கள் என்று கூப்பிட்டார், போனோம். கோழிகள் இருந்த நீளமான கொட்டகைதான் சுடும் இடம். பத்து மீட்டரிலிருந்து ஐம்பது மீட்டர் வரை அணில், காக்கா உருவத்தில் இரும்புத் தகடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓர் ஓட்டை. ஓட்டைக்குள் குண்டு போனால் தகடு பின்பக்கம் விழும். கயிற்றை இழுத்தால் மறுபடி எழுந்து நிற்கும்.

மகள் ஒரு மெத்தையில் உட்கார்ந்து, கிளப்பின் பழைய துப்பாக்கியை முழங்காலில் வைத்துக்கொண்டாள். முதல் இருபது குண்டும் சுவரில். இருபத்தொன்றாவதில் ஓர் அணில் விழுந்தது. மூன்று மணி நேரம் அவள் எழுந்திருக்கவில்லை. திரும்பி வரும்போது, "பசிக்குதும்மா" என்றாள். மாதக்கணக்கில் அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. சாலையோர வண்டியில் நான்கு மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டாள். அவள் அப்பா எண்ணெய்க் காகிதத்தை மடித்துக்கொண்டே வேறு பக்கம் பார்த்து நின்றார்.

ஞாயிறுதோறும் போனோம். நான்கு மாதம் கழித்து, "போட்டில கலந்துக்கணும்னா சொந்த ரைஃபிள் வேணுமாம். எனக்குன்னு ஒண்ணு வாங்கலாமா?" என்று கேட்டாள்.

அவளாக ஒன்றை விரும்பிக் கேட்டு எவ்வளவோ நாளாயிற்று. ஆனால் அவள் கேட்டது துப்பாக்கி. சக்தி குறைந்த இந்த ரகத்துக்கு லைசென்ஸ்கூட வேண்டாம், ஆதார் நகல் போதும் என்று கணவர் சொன்னது எனக்கு ஆறுதலாக இல்லை, பயமாகத்தான் இருந்தது.

மருத்துவரிடம் தனியாகக் கேட்டேன். அவர் யோசித்துப் பேசுகிற பெண்மணி. "கிளப்புக்குப் போகட்டும், அது அவங்களுக்கு நல்லது செய்யுது. ஆனா வீட்ல வேண்டாம். அவங்க தனியா இருக்கறப்ப கைக்கு எட்டற இடத்துல எங்கயுமே வேண்டாம். அதுக்குக் காரணத்தை நீங்களே அவங்ககிட்ட நேராச் சொல்லுங்க. சுத்தி வளைக்காதீங்க" என்றார்.

அதுதான் என்னால் முடியவில்லை. "உன்னை நம்பி வீட்டில் வைக்க முடியாது" என்று பெற்ற பெண்ணிடம் எப்படிச் சொல்வது? சொன்னதும் அவள் முகம் பழையபடி மூடிக்கொண்டால்? தினமும் காலையில் இன்று சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். சாயங்காலம், நாளைக்கு. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருப்பதற்காக, எனக்குத் தெரிந்த ஒரே வேலையில் இறங்கினேன். பட்டியல் போட்டேன்.

விடுதிக் கல்லூரியோடு சண்டை போட்டுத் திரும்ப வாங்கிய பாதிக் கட்டணம் வங்கியில் இருந்தது. அதற்குள் முடிக்க வேண்டும். துப்பாக்கி வாங்கினால் மட்டும் போதாது என்பது பட்டியல் போட்ட பிறகுதான் தெரிந்தது. ஸ்பிரிங் துப்பாக்கி மலிவு, ஆனால் சுடும்போது உதறும், பழகக் கடினம். காற்று அடைத்துச் சுடுவது உதறாது, ஆனால் காற்றடிக்கத் தனி பம்ப் வேண்டும். குறி பார்க்க ஸ்கோப், அதைப் பிடித்துக்கொள்ள வளையம், ஈயக் குண்டு, பை. இரண்டு வாரம் மதிய உணவு இடைவேளை முழுக்க இதுதான். பக்கத்து சீட் அம்மாள் என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏமண்டி, ஆபீஸ்ல யாரையாவது போடப் போறீங்களா?" என்றார்.

ஸ்கோப் ஒன்று ஆன்லைனில் நல்ல விலைக்கு வந்தது. இருபத்து நான்கு மடங்கு பெரிதாகக் காட்டுமாம். மற்ற இரண்டும் பன்னிரண்டு, பதினாறுதான், விலையும் கூட. அதிகம் காட்டுகிறது, விலையும் குறைவு. இதற்கு மேல் என்ன ஒப்பீடு? துப்பாக்கிக்கு முன்பாகவே வாங்கிவிட்டேன்.

ஞாயிறு கிளப்பில், அவளுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று பெட்டியை நீட்டினேன். வாய் கொள்ளாமல் சிரித்தாள். கிளப் துப்பாக்கியில் மாட்டி, பதினைந்து மீட்டர் அணிலைப் பார்த்தாள். கண்ணை எடுத்துத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"என்னடி?"

"பனி மூட்டம் மாதிரி இருக்கும்மா. அணிலா ஆட்டோவான்னு தெரியல." முப்பது மீட்டரில் இருந்த காக்காவுக்குத் திருப்பினாள். "இதுவும் அப்படித்தான். இது நூறு கஜத்துக்கு அந்தப் பக்கம் சுடறவங்களுக்குச் செஞ்சதும்மா. கிட்டக்க ஃபோகஸே ஆகாது. இதுல நிலாவ வேணா பாக்கலாம்."

கணவர் அடக்க முடியாமல் சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன். அதற்குள் அவள் சிரிப்பு போய்விட்டது. ஸ்கோப்பைக் கழற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல், "யாரக் கேட்டும்மா வாங்குன?" என்றாள்.

திரும்பும் வழி முழுவதும் அந்தக் கேள்வி என்னோடு வந்தது. எங்கள் அலுவலகத்தில் பொருள் யாருக்கு வேண்டுமோ அவர் கையெழுத்துப் போட்ட காகிதம் இல்லாமல் ஒரு போல்ட் வாங்க மாட்டோம். அவர்தான் சொல்ல வேண்டும், எந்த அளவு, எதற்கு என்று. நாங்கள் வாங்கித் தருகிறவர்கள் மட்டும்தான். இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர்களுக்கு நான் பாடம் எடுக்கிற விதி அது. வீட்டில் மட்டும் அந்த முதல் காகிதத்தை நான் யாரிடமும் கேட்டதே இல்லை. ஸ்கோப்புக்கும் கேட்கவில்லை. கல்லூரிக்கும் கேட்கவில்லை. அந்தப் பட்டியலில் விடுதிச் சாப்பாட்டுக்கு ஒரு கட்டம் இருந்தது, அவளுக்கு ஒரு கட்டம் இல்லை.

ஸ்கோப்பைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள். கணவர் அதை பால்கனிக்கு எடுத்துப் போய், தண்ணீர் லாரி எந்தத் திருப்பத்தில் வருகிறது என்று பார்க்கப் பழகிக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் வெறும் தாள் ஒன்றையும் பேனாவையும் மகள் முன்னால் வைத்தேன். "என்ன வேணும்னு நீயே எழுது. என்ன எழுதறியோ அதைத்தான் வாங்கறோம். பணம் எவ்வளவுன்னு மட்டும் நான் சொல்றேன்."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "டெண்டரா?"

"டெண்டருக்கு முன்னாடி வர்றது."

சமையல் முடியும்வரை எழுதினாள். பாதி ஆங்கிலம், பாதி தமிழ். எடை குறைவாக இருக்க வேண்டும், முழங்காலில் வைத்து ஒரு மணி நேரம் உட்கார முடிகிற மாதிரி. ஒரு தடவைக்கு ஒரு குண்டுதான், தானே ஏற்றுகிற மாதிரி. "நிறைய குண்டு ஒண்ணா இருந்தா அவசரப்படுவேன்" என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தாள். ஸ்கோப் பதினாறு மடங்கு போதும், பக்கத்துத் திருகைத் திருகினால் பத்து மீட்டரிலேயே தெளிவாகத் தெரிய வேண்டும். பளபளப்பு வேண்டாம். பம்ப் கைப்பம்ப் போதும்.

கடைசி வரி: வீட்டுக்கு வேண்டாம். கிளப் இரும்பு அலமாரி. சாவி அம்மாகிட்ட.

குழம்புக் கரண்டியோடு நின்றுகொண்டு அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். "இது ஏன்டி?"

"டாக்டர் எங்கிட்டயும் சொன்னாங்கம்மா. அம்மா வந்து சொல்லுவாங்க, கோவிச்சுக்காதன்னு. நீ சொல்லுவ சொல்லுவன்னு மூணு வாரமா வெயிட் பண்றேன். நீ ஸ்கோப் வாங்கிட்டு வர்ற!"

அடுப்பை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "எனக்குப் பயமா இருக்குடி" என்றேன். ஒரு வருடத்துக்கு மேலாக மருத்துவரிடமும் கணவரிடமும் சொல்லியிருக்கிறேன். அவளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

"தெரியும். எனக்கும் சில நாள் பயமாத்தான் இருக்கு. முன்ன மாதிரி இல்ல, ஆனா வருது." தாளின் மூலையை மடித்து மடித்து விரித்தாள். "வந்தா உங்கிட்ட சொல்றேன். ஆனா நீ சோப்பு இருக்கான்னு கேக்காத. நேரா கேளு."

"நேராவே கேக்கறேன்."

அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போனோம். கடைக்காரர் தக்கனி உருது பேசுகிற பெரியவர். மூன்று துப்பாக்கிகளை மேஜையில் வைத்தார். நான் பழக்கதோஷத்தில் பையிலிருந்து ஒப்பீட்டுப் பட்டியலை எடுத்தேன். "கைக்கு மேடம், காகஸ் கைக்கு? பச்சி கே ஹாத் மே தேவ்" என்றார். காகிதம் எதற்கு, பிள்ளையின் கையில் கொடுங்கள் என்கிறார். பட்டியலை மடித்து வைத்தேன்.

மகள் கடைத் தரையிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக முழங்காலில் வைத்துப் பார்த்தாள். முதலாவது கன்னத்துக்கு உயரமாக இருந்தது. இரண்டாவது அழகு, வால்நட் மரம். நான் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். "நக்கோ" என்று தள்ளி வைத்தாள், முன்பக்கம் கனம் என்று. மூன்றாவது கறுப்பு பிளாஸ்டிக், குடைக் கைப்பிடி மாதிரி. அதைப் பிடித்ததும் தோள் இறங்கி, மூச்சு நிதானப்பட்டது. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

"இதும்மா."

"ஹவ், இதுதான்" என்று தலையாட்டி ஆமோதித்தார் கடைக்காரர், தானே தேர்ந்தெடுத்த மாதிரி. அது எல்-டூ. மிச்சப் பணத்தில் ஸ்கோப்பும் பம்ப்பும் ஒரு டப்பா குண்டும் வந்தன. பைக்குப் பணம் போதவில்லை. கிளப்பை விட்டு வெளியே வராத துப்பாக்கிக்குப் பை எதற்கு என்று அவளே சொல்லிவிட்டாள். கடையிலிருந்து நேராக கிளப்புக்கே கொண்டு போய் அலமாரியில் வைத்துப் பூட்டினோம்.

மறுநாள் ஞாயிறு. அலமாரியைத் திறந்து கொடுத்தேன். குறி சரிசெய்ய ஆரம்பித்தாள். கிளப் பொறுப்பாளர் பக்கத்திலேயே நின்றார். நான் அவள் பின்னால் நின்றேன்.

"அம்மா, உன் மூச்சு எனக்குக் கேக்குது. போய் டீ குடி."

கொட்டகைக்கு வெளியே வந்து, தண்ணீர்த் தொட்டித் திட்டில் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். டப் என்று ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிறகு தகடு விழும் டிங். சத்தத்துக்கும் சத்தத்துக்கும் நடுவில் இருக்கும் நேரம்தான் எனக்குக் கஷ்டம். அரை நிமிடம், ஒரு நிமிடம். டீ ஆறியது. எண்ணிக்கொண்டே இருந்தேன். திடீரென்று ஓர் இடைவெளி நீண்டுகொண்டே போனது. இரண்டு நிமிடம் இருக்கும். திரும்பிப் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். பார்த்துவிட்டேன்.

பம்ப்பின் மேல் முழு உடம்பையும் சாய்த்து, முடி முகத்தில் விழ, காற்றடித்துக்கொண்டிருந்தாள். அதன் கைப்பிடி இறங்க மறுத்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள்.

"பாத்துட்டல்ல? அப்ப வா, வந்து அடி" என்று கத்தினாள். "இன்னும் அறுபது தடவை அடிக்கணும். என்னால முடியல."

புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போனேன்.