ஏழுகல் முடியில் இரண்டாவது தாள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது எனக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில். பேய் என்றால் நடுராத்திரிதான் வரும் என்பவர்கள் ஒருமுறை காலைப் பனியில் ஆனைமலை ஏறிப் பார்க்க வேண்டும்.

என் பெயர் அன்புக்கரசி. பொள்ளாச்சியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை. ஆறு வருடம் அங்குள்ள ஏழுகல் முடி என்ற சிகரத்துக்கு வரையாடு கணக்கெடுக்கப் போனேன். கூட வருபவர் வனக்காவலர் தம்பிதுரை. என்னைவிட நான்கு வயது சின்னவர்.

கணக்கெடுக்க ஒரு முறை உண்டு. முதல் ஆள் முன்னால் போவார். கால் மணி நேரம் கழித்து இரண்டாவது ஆள் அதே பாதையில் வருவார். வழியில் பேசக் கூடாது. பார்த்ததை அவரவர் தாளில் பென்சிலால் குறித்து, உச்சியில்தான் ஒப்பிட வேண்டும். இரண்டு தாள் இருந்தால்தான் கணக்கு செல்லும்.

அந்த வருடம் எங்களுக்கு அது வெறும் கணக்கு இல்லை. அந்த முடியில் பதினெட்டுக் காற்றாலைகள் வைக்க ஒரு கம்பெனி மனு போட்டிருந்தது. முந்தைய வருடக் கணக்கு முடிந்த மறுமாதமே காற்றின் வேகம் அளக்கும் கம்பத்தை நட்டுவிட்டார்கள். இரண்டு தாளும் இருந்து, ஒன்றிலாவது வரையாடு பதிவானால் மலை தப்பிக்கும். வெள்ளிக்கிழமை மனுவை முடிவுசெய்யும் கூட்டம். நாங்கள் ஏறியது செவ்வாய்க்கிழமை.

காலை 6.05. அடிவாரம். துரை பாறைமேல் உட்கார்ந்து இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க அக்கா, இன்னைக்கு ஒரு மாதிரியா இருக்குதுங்க."

"ராத்திரி பரோட்டாவை வெளுத்துக் கட்டியிருப்பீங்க. இன்னைக்கு மட்டும் வந்துருங்க தம்பி. ரெண்டாவது தாள் இல்லாட்டி மலை போயிரும்."

"சரிங்க. முன்னால போங்க, வாரேன்."

6.10-க்கு ஏறத் தொடங்கினேன்.

6.40. பனி இறங்கியது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பின்னால் சத்தம். சளக்... சளக்... துரையின் பூட்ஸ். அடிப்பாகம் பிய்ந்து மூன்று மாதம் ஆகிறது. தைக்கச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். வந்துவிட்டார் என்று நிம்மதியாக இருந்தது.

பிறகுதான் உறைத்தது. கால் மணி நேரம் பின்னால் வருபவரின் காலடி இவ்வளவு பக்கத்தில் கேட்கக் கூடாது.

நின்றேன். சத்தமும் நின்றது.

7.20. ஓர் ஆடுகூடக் கண்ணில் படவில்லை. புழுக்கைகூட இல்லை. சளக்... சளக்...

இப்போது சத்தம் எனக்கு முன்னால்.

பாதை ஓரடி அகலம். என்னைத் தாண்டி யாரும் போகவில்லை.

8.15. உச்சி. கல்லுக்கு அடியில் ஒரு தாள். என் சட்டை பனியில் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. தாள் காய்ந்து கிடந்தது.

துரையின் கையெழுத்து. 6.50 முதல் 7.40 வரை. கிழக்குச் சரிவு. மொத்தம் 14. குட்டி 5.

"துரை!"

"எண்ணிட்டனுங்க அக்கா..."

குரல் இடப்பக்கம் கேட்டது.

இடப்பக்கம் தரை இல்லை.

பாதாளம்...

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. 10.05-க்கு அடிவாரத்தில் வனவர் தனபால் நின்றிருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"தொரை போயிட்டாப்டிங்க அம்மணி. நீங்க ஏறுன பத்தாவது நிமிசம் நெஞ்சப் புடிச்சுட்டு சாஞ்சுபோட்டாப்டிங்க. நம்ம ஜீப் டிரைவர் பக்கத்துலதான் இருந்திருக்கான். மணி ஆறு இருவது. ஒரு அடிகூட ஏறலீங்க."

வரச் சொன்னது நான். அந்த வலியைப் பரோட்டா என்று கேலி செய்ததும் நான். சாகும்வரை இது என்னை விடாது.

தாளை யாரிடமும் காட்டவில்லை. 6.20-க்கு இறந்தவர் 7.40 வரை எண்ணினார் என்றால் யார் நம்புவார்கள்? மலைக்காகப் பிணத்தின் பேரில் பொய்க்கணக்கு எழுதினேன் என்பார்கள். வெள்ளிக்கிழமை என் ஒற்றைத் தாள் மட்டும் மேசைக்குப் போனது. அதில் பூஜ்யம். வரையாடு இருப்பதற்கு ஆதாரம் இல்லை என்று எழுதிக்கொண்டு அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

எட்டு மாதம் அந்தத் தாளை வைத்துக்கொண்டு அழுதேன். செத்த பிறகும் எனக்காக ஏறி எண்ணிக் கொடுத்தாரே, காட்டியிருந்தால் மலை தப்பியிருக்குமோ என்று.

போன மாதம் 12-ஆம் தேதி, காலை 11.25. தனபால் போன் செய்தார்.

"காத்தாடிக்கு ரோடு போட கெழக்குச் சரிவுல மண்ணு வெட்டறாங்க அம்மணி. பள்ளத்துல எலும்பா கெடக்குதுங்க. எல்லாம் வரையாடு. தொரை போறதுக்கு முந்தியே கம்பம் நடப் பாறைக்கு வெடி வெச்சாங்கல்லங்க, அப்ப மெரண்டு ஓடி கூட்டமா உழுந்து செத்திருக்குமுன்னு கால்நடை டாக்டர் சொல்றாருங்க."

எனக்குக் கேட்கவே பயமாக இருந்தது.

"எத்தனைங்க?"

"பதினாலுங்க. அதுல அஞ்சு குட்டி."

துரை ஒன்றைக்கூட விடவில்லை.