பீரங்கியாரின் மேல்முறையீடு

பட்டாளத்தில் பீரங்கிக்குக் குண்டு தூக்கிக் கொடுத்தவர். அதனால் தெருவில் எல்லோருக்கும் அவர் பீரங்கியார்தான். மலைப்பாதையில் ராணுவ லாரி கவிழ்ந்ததில் அவருடைய இடுப்பு போயிற்று. ஊனத் தொகை கேட்டு மனுப் போட்டால், வயதானால் எலும்பு தேயத்தான் செய்யும் என்று கையை விரித்துவிட்டார்கள். என்னவோ லாரியும் வயதாகித்தான் கவிழ்ந்தது போல!

மேல்முறையீடு செய்தார். இதுதான் கடைசி வாய்ப்பு. காயம் பட்டாளத்தில் பட்டதுதான் என்று ஒப்புக்கொண்டால், ராணுவ மருத்துவமனையிலேயே ஆபரேஷன் செய்வார்கள். இல்லாவிட்டால் மிச்ச காலமெல்லாம் கழிப்பறைக்குக்கூட மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். அந்தத் தோளும் எத்தனை நாள் தாங்கும்? விசாரணைக்குப் போகிற வழியெல்லாம் அவள் பாடம் நடத்திக்கொண்டே வந்தாள்.

"வலிச்சா வலிக்குதுன்னு வாயத் தொறந்து சொல்லுங்க. அங்க போய் வீராப்பு காட்டாதீங்க."

"சரிம்மா, சரி. நான் என்ன சின்னப் புள்ளையா?"

உள்ளே அவரை மட்டும்தான் விட்டார்கள். கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். விசாரணைக் குழுவின் தலைவர் சீருடையில் வந்தார், தோளில் நட்சத்திரங்களோடு. அவ்வளவுதான். பீரங்கியாரின் உடம்பு அவரைக் கேட்காமலே எழுந்துவிட்டது. குதிகால்கள் சேர்ந்தன, நெஞ்சு விறைத்தது. தலைவர் லேசாகத் தலையாட்டிவிட்டுக் காகிதங்களைப் புரட்ட ஆரம்பித்தார்.

கேள்வி மேல் கேள்வி. இடுப்பில் ஆணி அடிப்பது போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். வலிக்கிறது என்றும் சொன்னார், ஆனால் அணிவகுப்பில் பேர் சொல்கிற குரலில். யார் நம்புவார்கள்? முடிந்ததும் தலைவர் அவர் முதுகில் தட்டி, "சிப்பாய்னா இப்படி இருக்கணும்" என்றார். பாழாய்ப்போன மனுஷருக்கு அப்போது பெருமை பிடிபடவில்லை.

தீர்ப்பு தபாலில் வந்தது. 'விசாரணை முடியும்வரை எந்தத் துணையுமின்றி நிமிர்ந்து நின்றார். மேல்முறையீடு தள்ளுபடி.'

மனைவி அதை இரண்டு தடவை படித்தாள். கத்தவில்லை. கத்தித் தொலைத்திருந்தால்கூடத் தேவலை.

"நாற்காலி இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சு. பின்னாடியேதான் இருந்துச்சு."

"அப்புறம் உட்கார்றதுக்கென்ன?"

அவருக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. அவளை உற்றுப் பார்த்தார்.

"அவர் உட்காரச் சொல்லவே இல்லையே."